பூதக்கண்ணாடியின் இடது கை

அந்தச் சட்டைத் தொழிற்சாலையில் நேருக்கு நேர் அவளை "செக்கரம்மா" என்பார்கள். அவள் முதுகு திரும்பியதும் "பூதக்கண்ணாடி" என்பார்கள். இரண்டுமே அவளுக்குத் தெரியும். இரண்டாவது பெயரில் அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு. பதினெட்டு வருடமாகக் கடைசி மேஜை அவளுடையது. வெட்டி, தைத்து, பொத்தான் வைத்து, தேய்த்து வருகிற ஒவ்வொரு வெள்ளைச் சட்டையும் அவள் கண்ணைத் தாண்டித்தான் அட்டைப் பெட்டிக்குள் போக முடியும். காலரில் ஒரு நூல் பிசிறு துருத்திக்கொண்டிருந்தால் போதும், சட்டை வந்த வழியே திரும்பும். கூடவே ஒரு மஞ்சள் சீட்டும் போகும். சீட்டில் மூன்றே கேள்விகள்: என்ன குறை, எந்தப் பிரிவு, யார் கை. அந்தக் கடைசிக் கட்டத்தை நிரப்பும்போது அவள் பேனா ஒருநாளும் தயங்கியதில்லை.

அவள் சட்டை பார்க்கும் விதமே தனி. மற்றவர்கள் மேஜைமேல் விரித்துப் பார்ப்பார்கள். இவள் சட்டையைத் தூக்கி இடது முன்கையில் போட்டுக்கொள்வாள். வலது கையால் காலரைப் பிடித்து விளக்குக்கு நேரே திருப்புவாள். சட்டையின் முதுகு உள்பக்கமாக அவள் முன்கையில் படிந்து கிடக்கும். அப்படியே ஒரு திருப்பு, ஒரு மடிப்பு, அடுத்தது. பழகாதவர் அப்படிச் செய்தால் சட்டை கசங்கிப்போகும். அவள் கையில் ஒரு சுருக்கம் விழாது.

வம்பெல்லாம் அந்த இடது முன்கையில்தான் இருந்தது.

முழங்கைக்கு நாலு விரல் கீழே, உட்பக்கத்தில், தீப்பெட்டி அளவுக்கு ஓர் இடம். சும்மா பார்த்தால் ஒன்றும் தெரியாது. உற்றுப் பார்த்தால் தோல் லேசாகப் பழுப்பேறியிருக்கும். அவளுக்கு ஒன்பது வயதானபோது அந்த இடம் மட்டும் வேர்க்க ஆரம்பித்தது. உடம்பு முழுக்கக் காய்ந்து கிடக்கும், அங்கே மட்டும் முத்து முத்தாக நீர் துளிர்க்கும். கால் மணி நேரத்தில் தானாக அடங்கிவிடும். வெயில் என்றால் வரும், பயம் என்றால் வரும், சில நாள் காரணமே இல்லாமலும் வரும். பரீட்சைத் தாளின்மேல் இடது கையை ஊன்றி எழுதப்போய் பாதிப் பக்கம் மை கலங்கிவிட்டது. "பதில் தெரியலன்னா தெரியலன்னு சொல்லு, தண்ணிய எதுக்கு ஊத்துற?" என்று ஆசிரியை வகுப்பு முன்னால் நிற்கவைத்தார். அழுதுகொண்டே வந்து அம்மாவிடம் கையைக் காட்டினாள்.

அம்மா கையைத் துடைத்துவிட்டாள். "இத யார்கிட்டயும் காட்டிக்காதடி. நாளைக்கு உன்னைப் பொண்ணு கேட்டு வர்றவங்க என்ன ஏதுன்னு நூறு கேள்வி கேப்பாங்க" என்றாள். அம்மா கெட்டவள் இல்லை, பயந்தவள். தன் பயத்தை அப்படியே மகள் கையில் கட்டிவிட்டாள். அன்றைக்கு ஒரு கைக்குட்டை. வேலைக்கு வந்த பிறகு, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நீளும் கறுப்புக் கைப்பட்டை. கேட்டவர்களுக்கெல்லாம் "சுளுக்கு" என்று சொன்னாள். பதினெட்டு வருடம் ஒரு மனுஷிக்கு ஒரே கையில் சுளுக்கு இருக்குமா என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கல்யாணமான புதிதில் கணவர் மட்டும் கண்டுபிடித்தார். கடைவீதியில் மாற்றுச் சாவி போட்டுக்கொடுக்கிறவர் அவர். துளிர்த்த நீரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஊருக்கே தண்ணிப் பஞ்சம், உனக்கு மட்டும் தனிக் குழாயா?" என்றார். அவள் ஒரு நாள் முழுக்க அவரோடு பேசவில்லை. அதற்கப்புறம் அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஏற்றுமதிக்குப் போன ஒரு சட்டைக்குள் யாருடைய கைச் சங்கிலியின் கொக்கியோ கிடந்திருக்கிறது. உடனே நிர்வாகம் ஒரு அறிவிப்பு ஒட்டியது. துணியைத் தொடுகிறவர்கள் கையில் கடிகாரம், சங்கிலி, பட்டை எதுவும் கூடாது. தொழிற்சாலையின் மேல்சட்டையோ அரைக்கை. செக்கரம்மா வேறு வழியில்லாமல் கைப்பட்டையைக் கழற்றினாள். முகப்பவுடர் பூசினால் வெள்ளைத் துணியில் வாசனை ஏறிவிடும் என்று, சமையலறையிலிருந்து சோளமாவை ஒரு சின்ன டப்பாவில் கொண்டுவந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அந்த இடத்தில் ஒற்றிக்கொண்டாள். மாவு போட்டாயிற்று, இனி கவலையில்லை என்று அதோடு அதை மறந்தாள்.

அடுத்த மாதமே கறை வரத் தொடங்கியது. சட்டையின் முதுகில், தோள்பட்டைக்குக் கீழே, உள்பக்கமாக ஈரப் புள்ளிகள். காய்ந்தால் மங்கலான மஞ்சள் திட்டு. தேய்ப்பு மேஜையிலிருந்து நேரே தன்னிடம் வருகிற சட்டையில் ஈரம் என்றால் என்ன அர்த்தம்? நீராவிப் பெட்டி துப்புகிறது. இஸ்திரிப்பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டினால் அங்கே அப்படித்தான் சொல்வார்கள். வெள்ளைச் சட்டைகளைத் தேய்க்கிற ஆள் ஒருவர்தான். கோபம் வந்தால் புஸ்ஸென்று சீறி அடுத்த நிமிடமே அடங்கிவிடுவதால் "நீராவி அண்ணன்" என்று பெயர் வாங்கியவர். ஐம்பத்தைந்து வயது. பாதி வயது அந்த மேஜையிலேயே கழிந்திருந்தது.

முதல் சீட்டைப் பார்த்ததும் அவர் நேரே அவள் மேஜைக்கு வந்துவிட்டார்.

"செக்கரம்மா, என் பெட்டி துப்பாது."

"துப்பாம எப்படிண்ணே ஈரம் வரும்? வானத்துலேர்ந்தா சொட்டுது?"

"பெட்டிய வேணா வந்து பாருங்க. வெறும் துணியில பத்து தடவ ஓட்டிக் காட்டுறேன்."

"எனக்கு சட்டைதாண்ணே சாட்சி. பெட்டி இல்ல."

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டாவது சீட்டுக்கு அவர் பெட்டியையே மாற்றிக்கொண்டார். மூன்றாவதும் போனது. மூன்று சீட்டு விழுந்தால் விசாரணை என்பது விதி. அதுவரை அவரைச் சரக்கு ஏற்றும் இடத்துக்கு அனுப்பினார்கள். ஏற்கெனவே இடுப்பு வலிக்காரர், அட்டைப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு நடப்பது அவள் மேஜையிலிருந்தே தெரியும். விசாரணையில் குறை உறுதியானால் வேலை போய்விடும் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

அவர் இடத்துக்குப் புது ஆள் வந்தான். புதுப் பெட்டி வந்தது. இரண்டாவது வாரம் அதே கறை வந்தது.

இந்த இடத்தில் அவளைக் காப்பாற்ற எனக்கு மனசில்லை. அந்தச் சட்டைக்கு அவள் சீட்டு எழுதவில்லை. கழிவறைக்கு எடுத்துப்போய் அலசி, உலர்த்தி, காதும் காதும் வைத்த மாதிரி திரும்பக் கொண்டுவந்து அடுக்கில் வைத்தாள். ஏன் அப்படிச் செய்தாய் என்று யாராவது கேட்டிருந்தால் அவளுக்கே பதில் தெரிந்திருக்காது. தன் கைமேல் சந்தேகம் வரவில்லை என்று பின்னால் சொன்னாள். வராமல் பார்த்துக்கொண்டாள் என்பதே சரி.

மறுநாள் காலையில் ஒரு சட்டையில் மறந்துவிட்ட குண்டூசி அவள் முன்கையில் நீளமாகக் கீறிவிட்டது. சூப்பர்வைசர் முதலுதவிப் பெட்டியைத் திறந்து, அரசாங்கச் செலவு மாதிரி தாராளமாக, முழங்கை வரை பழுப்பு நிற டிங்ச்சர் அயோடினைத் தடவிவிட்டார். அது காய்ந்தது. அவள் பழக்க தோஷத்தில் டப்பாவைத் திறந்து சோளமாவை ஒற்றிக்கொண்டு, அடுத்த சட்டையைத் தூக்கி கையில் போட்டாள். காலரைப் பார்த்து முடித்துத் திருப்பியபோது பக்கத்தில் அட்டைப் பெட்டி கட்டுகிற பெண் அலறினாள்.

"அக்கா! உங்க கைய பாருங்க!"

தீப்பெட்டி அளவு இடம் கருநீலமாக மாறியிருந்தது. மையைத் தொட்டுத் தொட்டு வைத்த மாதிரி, நூற்றுக்கணக்கான குட்டிப் புள்ளிகள். சட்டையின் முதுகிலும் அதே கருநீலம், அதே புள்ளிகள். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது என்றாள் ஒருத்தி. கை அழுகுகிறது என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் கையைப் பார்த்தார்கள். அவள் மட்டும் சட்டையைப் பார்த்தாள். கறை விழுந்திருந்த இடம், தோள்பட்டைக்குக் கீழே, உள்பக்கம்.

"டிங்ச்சர் ஒத்துக்கல போல" என்றாள் சத்தமாக. சொன்னது மற்றவர்களுக்கா, தனக்கா என்று தெரியவில்லை.

சூப்பர்வைசர் அன்றைக்கே அவளைத் தோல் டாக்டரிடம் அனுப்பினார். கணவர் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே வந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு பேசுகிற பெண் டாக்டர். நடந்ததைக் கேட்டவர் சிரித்துவிட்டார்.

"நாங்க இங்க பண்ண வேண்டிய டெஸ்ட நீங்களே பண்ணிட்டு வந்திருக்கீங்கம்மா. அயோடின், மாவு, ரெண்டும் சும்மா இருந்தா ஒண்ணும் ஆகாது. ஈரம் பட்டாத்தான் நீலமாகும். எங்க வேர்க்குதோ அங்க மட்டும் காட்டிக் குடுக்கும்."

கையைக் கழுவித் துடைத்து, அதையே முறைப்படி திரும்பச் செய்து காட்டினார். மணிக்கட்டு முதல் முழங்கை வரை எல்லாம் பழுப்பாகவே இருக்க, அந்த இடம் மட்டும் புள்ளி புள்ளியாகக் கறுத்து வந்தது. பிறகு ஒரு வெள்ளைத் தாளை அதன்மேல் ஒற்றி எடுத்து மேஜையில் வைத்தார்.

"எத்தனை வருஷமா இருக்கு?"

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருடம் கறை பார்த்த கண். எண்ணெய்க் கறை எப்படிப் பரவும், துரு எப்படி ஊறும், பெட்டி துப்பினால் எப்படி உருண்டையாக விழுந்து ஓரம் இழுக்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். இது உருண்டை இல்லை. ஒரு பக்கம் ஒடுங்கி, மறுபக்கம் அகன்று, நடுவில் நெருக்கமாக, ஓரத்தில் கலைந்து போகிற புள்ளிகள். மூன்று மஞ்சள் சீட்டிலும் "என்ன குறை" என்ற கட்டத்தில் இதே உருவத்தைத்தான் அவள் எழுத்தால் வரைந்து வைத்திருந்தாள். கையும் களவுமாக என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்வோம். அவள் விஷயத்தில் அது எழுத்துக்கு எழுத்து உண்மையாகிவிட்டது.

"ஒன்பது வயசுலேர்ந்து" என்றாள் மெல்ல.

மரத்துப்போக ஊசி போட்டு, பென்சில் முனையளவு தோலை எடுத்து பரிசோதனைக்கு அனுப்பினார் டாக்டர். "எனக்கு பயம் ஒண்ணும் தெரியல. ஆனா கண்ணால பாத்து சொல்றதோட நிறுத்தக் கூடாது, உள்ள என்ன இருக்குன்னு பாத்துடணும். அடுத்த திங்கக்கிழமை வாங்க." விசாரணை செவ்வாய்க்கிழமை.

அந்த ஒரு வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கணவருக்கு அது புற்றுநோய்ப் பயம் என்று தோன்றியது. பாதி அதுதான். மீதிப் பாதியை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. தினமும் சரக்கு வாசலைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். நீராவி அண்ணன் இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நிற்பார். அவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வியாழக்கிழமை அவளுக்கு ஒரு நினைப்பு வந்தது. பெரிய வியாதியாகவே இருந்துவிட்டால் நல்லது. சாகப்போகிறவளிடம் யார் கோபப்படுவார்கள்? அந்த நினைப்பு வந்ததற்காக அவள் தன்னையே வெறுத்தாள். பாவம், அவளுக்கும் ஒளிந்துகொள்ள ஓர் இடம் வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை டாக்டர் பரிசோதனை முடிவைப் படித்துவிட்டு அதைக் கண்ணாடியோடு சேர்த்து மேஜையில் வைத்தார்.

"ஒண்ணும் இல்லம்மா. எல்லாருக்கும் தோலுக்கு அடியில வேர்வைச் சுரப்பி இருக்கு, சுருட்டி வெச்ச நூல் மாதிரி. உங்களுக்கு இந்த ஒரு இடத்துல அது பெருசாவும் நிறையவும் அமைஞ்சிருக்கு. தையல்காரங்க பாஷைல சொல்லணும்னா, உடம்பைத் தைக்கும்போது அங்க நாலு தையல் கூடுதலா விழுந்திருச்சு. புத்துநோய் இல்ல. ஒட்டாது, பரவாது. வேர்வை மச்சம்னு வெச்சுக்குங்க."

கணவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "பாத்தியா, இத்தனை நாளா ஒரு மச்சக்காரியோட குடித்தனம் பண்ணியிருக்கேன், எனக்கே தெரியல!"

"பூசறதுக்கு ஒரு மருந்து தரேன்" என்றார் டாக்டர். "அதுல கேக்கலன்னா ஊசி இருக்கு, சில மாசம் தாங்கும். ரொம்பத் தொல்லைன்னா அந்த இடத்தையே வெட்டி எடுத்துடலாம். ஒண்ணும் பண்ணாம விட்டாலும் தப்பில்ல. இதால யாருக்கும் ஒரு கெடுதலும் கிடையாது."

"இருக்கு டாக்டர்" என்றாள் செக்கரம்மா. அப்புறம் அழுதுவிட்டாள். கணவர் சந்தோஷ அழுகை என்று நினைத்து முதுகைத் தட்டிக்கொடுத்தார். பேருந்து நிறுத்தம் வரை நடந்து வருவதற்குள் அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவர் வேடிக்கை பேசவில்லை. "நாளைக்கு நானும் கூட வரட்டா?" என்று மட்டும் கேட்டார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

செவ்வாய்க்கிழமை மேனேஜர் அறையில் மேனேஜர், சூப்பர்வைசர், நீராவி அண்ணன். அண்ணன் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க இடுப்பு விடாது என்று நின்றுகொண்டே இருந்தார். மூன்று மஞ்சள் சீட்டுகளும் மேஜைமேல் இருந்தன. செக்கரம்மா நாலாவதாக ஒன்றை அதன்மேல் வைத்தாள். என்ன குறை: வேர்வை. எந்தப் பிரிவு: செக்கிங். யார் கை: என் கை. பக்கத்தில் டாக்டர் ஒற்றியெடுத்த தாளையும், கருநீலக் கறையோடு இருந்த சட்டையையும் வைத்தாள். மாவு டப்பாவையும், கழிவறையில் அலசிய சட்டையையும்கூட மறைக்கவில்லை. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள்.

மேனேஜர் நல்ல மனிதர்தான், ஆனால் சீக்கிரம் முடிக்கப் பார்க்கிறவர். "சரிம்மா. இது உடம்புக் கோளாறு. யார் மேலயும் தப்பில்ல. அவர் பழையபடி தேய்ப்புக்குப் போகட்டும். மருந்து கேக்குற வரைக்கும் நீங்க கறுப்புச் சட்டை மேஜைய பாத்துக்குங்க. இதோட விட்டுருவோம்."

"வேர்வை என் தப்பில்ல சார்" என்றாள் அவள். "சீட்டு என் தப்பு. அவரு என் மேஜைக்கே வந்து சொன்னாரு. நான் நிமிந்துகூடப் பாக்கல. அதையும் எழுதிக்குங்க."

சூப்பர்வைசர் எழுதினார். நீராவி அண்ணன் சீறவில்லை. சீறியிருந்தால் அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்திருக்கும். வெளியே நடைபாதைக்கு வந்ததும்தான் அவர் வாயைத் திறந்தார்.

"வேலை கெடச்சிருச்சு, சரி. வீட்டுல?"

அவளுக்குப் புரியவில்லை.

"என் பொண்ணு துணியெல்லாம் நான்தான் தேச்சுக் குடுப்பேன். பள்ளிக்கூடத்துல சேத்த நாள்லேர்ந்து. இப்ப காலேஜ்ல லேப் கோட்டு ஒண்ணு போட்டுக்கிட்டுப் போறா, வெள்ளை. மூணாவது சீட்டு விழுந்த மறுநாள் அவளே தேச்சுக்க ஆரம்பிச்சுட்டா. 'உங்களுக்கு ரெஸ்ட் வேணும்ப்பா'ன்னா. என் கையில நடுக்கம் வந்திருச்சுன்னு அவங்க அம்மாகிட்ட சொல்லியிருக்கா. எனக்கே சந்தேகம் வந்திருச்சு. ராத்திரியெல்லாம் கைய நீட்டி வெச்சு நடுங்குதான்னு பாத்துக்கிட்டிருக்கேன்." அவர் தன் கையையே ஒருமுறை பார்த்துக்கொண்டார். "ரூமுக்குள்ள நாலு பேர்கிட்ட சொன்னீங்க. அதையே என் வீட்டுல வந்து சொல்வீங்களா?"

வேலை முடிந்ததும் அவர் கூடவே போனாள். இரண்டு அறை வீடு. மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டார். ஆனால் முகத்தில் வாங்க என்பது இல்லை. மூன்று சீட்டு எழுதியது யார் என்று அந்த வீட்டுக்குத் தெரியாதா என்ன. மகள் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

செக்கரம்மா நேரே விஷயத்துக்கு வந்தாள். "உங்க அப்பா பெட்டி துப்பல, அவரு கையும் நடுங்கல. கறை என் கைலேர்ந்து வந்தது." சேலைத் தலைப்பை விலக்கி இடது கையை மேஜைமேல் நீட்டினாள். அந்த இடம் உலர்ந்து கிடந்தது. மகள் கொஞ்சம் சந்தேகமாகவே பார்த்தாள்.

"கொஞ்ச நேரம் இருங்க, வரும்" என்றாள் செக்கரம்மா.

முப்பத்தேழு வருடமாக வரக்கூடாது, வரக்கூடாது என்று கெஞ்சியவள், அன்றைக்கு வரவேண்டுமே என்று உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குத் தெரியாத புள்ளிகள் முதலில் மின்னின. பிறகு ஒவ்வொன்றும் துளியாகப் பருத்து, பக்கத்துத் துளியோடு சேர்ந்து, மேஜையில் ஒரு சொட்டு விழுந்தது. உடம்பில் வேறெங்கும் ஈரமில்லை.

மனைவி குனிந்து பார்த்தார். "வலிக்குமா?" என்று கேட்டார். வலிக்காது என்று தலையாட்டினாள். அதுவரை அந்தக் கையைப் பார்த்து யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. மனைவி தன் தலைப்பின் நுனியால் அந்த ஈரத்தை ஒற்றி எடுத்தார்.

மகள் உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் கசங்கிய வெள்ளைக் கோட்டு இருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் அதை அவர் மடியில் வைத்தாள்.

"நாளைக்கு ப்ராக்டிகல் இருக்குப்பா. காலர் எனக்கு சரியா வரவே மாட்டேங்குது."

அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, இஸ்திரிப்பெட்டியின் சுவிட்சைப் போட்டார்.